மூன்று சுற்று நார்

நம் பள்ளிக்கூடக் குழுவில் போன வாரம் நடந்த வாக்குவாதத்தை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். சாமி என்பது சாதாரண சனங்களுக்கு ஆறுதலா, கடிவாளமா, மயக்க மருந்தா என்று ஒருவர் கேட்டு வைக்க, மூன்று நாள் விடாமல் எழுதினீர்கள். நான் மட்டும் ஏன் எதுவும் சொல்லவில்லை என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டீர்கள். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. நாம் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், ஆயுத பூஜையிலிருந்து பொங்கல் கழியும் வரை எங்கள் வீட்டில் நடந்தது மட்டும் தெரியும். டைரி எழுதும் பழக்கம் எனக்கு அதற்கு அடுத்த வருடம்தான் வந்தது. அதனால் அந்த மாதங்களுக்கு என்னிடம் குறிப்பு இல்லை. நினைவில் இருப்பதை வரிசையாக எழுதுகிறேன். நிச்சயமில்லாத இடத்தில் நிச்சயமில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஜூஜுவாடியிலிருந்து ஓசூர் வரும் வழியில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, பத்து வீடுகள் கொண்ட ஒரு வரிசை. எங்களுடையது ஏழாவது. எதிரே வண்டி பாகங்கள் செய்யும் பட்டறை. அந்தப் பட்டறை நின்ற இடம் ஒரு காலத்தில் அப்பாவின் ராகிக் கொல்லை. நிலத்தை வாங்கியபோது வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். அப்பாவுக்குக் கிடைத்தது பிரஸ் மிஷின். தகட்டைக் கையால் உள்ளே வைக்க வேண்டும். காலால் மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி, ஒரே அடியில் தகட்டை வெட்டிவிட்டு ஏறும். கை வெளியே வருவதற்குள் கால் மிதித்துவிட்டால் தகட்டோடு விரலும் போகும்.

இரண்டு வருடத்தில் மூன்று பேருக்குப் போயிருந்தது. மூன்றாவது வீட்டு ஆபரேட்டர் அவர்களில் ஒருவர். வேலை முடிந்து வந்து கால் கழுவும்போது எங்களைக் கூப்பிட்டு வலது கையைக் காட்டுவார்.

"அஞ்சுல மூணு போனா எத்தினி?"

"ரெண்டு!" என்று கத்துவோம்.

"உங்க டீச்சர விட நான் நல்லா கணக்கு சொல்லித் தரன் பாரு" என்பார். அவரும் சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். அவர் மனைவி மட்டும் உள்ளே போய்விடுவார். அது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

விபத்துக்கு வரிசை முழுக்க ஒரே காரணம் சொன்னார்கள். கொல்லையில் ஒரு முனியப்பன் கல் இருந்தது. முழங்கால் உயரம், பக்கத்தில் ஒரு வேல். பட்டறைக்கு இடம் சமன் செய்தபோது அதைப் பிடுங்கி, மதில் மூலையில், கழித்துப் போட்ட இரும்போடு போட்டுவிட்டார்கள். தூக்கிப் போட்டவர்களில் அப்பாவும் ஒருவர். வேலை உறுதி என்று அவரிடம் சொன்ன நாளும் அதுவே. இதை அப்பா யாரிடமும் மறைக்கவில்லை. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சொல்வார். "என் கையால தூக்கிப் போட்டன். அவன் ஒவ்வொரு கையா கேக்கறான்."

அந்த ஆயுத பூஜைக்குக் குடும்பங்களையும் பட்டறைக்குள் விட்டார்கள். எண்ணெய் நாற்றத்தின் மேல் சந்தன வாசனை ஏறி நின்றது. எல்லா மிஷினுக்கும் வாழைக்கன்று, கலர் காகிதம். பூசணிக்காய் உடைத்த பிறகு பிரஸ்ஸின் வாயில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். கன்னடக்காரரான சூப்பர்வைசர் "ஒத்து, ஒத்து" என்று அமுக்கச் சொல்லி அவசரப்படுத்த, அப்பா மிதித்தார். பழம் காகிதம் போல் ஆனது. சாறு என் பாவாடை வரைக்கும் தெறித்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

மாமா தட்டவில்லை. அம்மாவின் தம்பி, இருபத்திரண்டு வயது. நாட்றாம்பாளையத்து மலைப்பக்கத்திலிருந்து வந்து ஐடிஐ முடித்து, அதே பட்டறையில் பாக்கிங்கில் இருந்தார். தை பிறந்ததும் பிரஸ்ஸில் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பாவின் காதருகே போய்ச் சொன்னார்.

"மாமா, எலுமிச்சம்பழத்துக்கு பதிலா அங்க ஒரு கம்பி வலை வெச்சா, அடுத்த வருசமும் எல்லாரும் முழுக் கையோட பொரி திங்கலாம்."

"நல்ல நாளும் அதுவுமா என்னா பேச்சுடா மாப்ள."

அன்று மாலை மாமா எனக்கு அந்த வலையைச் செய்து காட்டினார். ஒரு தீப்பெட்டி, அம்மாவின் இரண்டு கொண்டை ஊசி, கொஞ்சம் நூல். ஊசிகளை வளைத்துச் செய்த வலை மேலே இருக்கும்வரை, மிதிக்குப் பதிலாக வைத்த தீப்பெட்டியின் உள்கூடு நகராது. வலையை இறக்கினால்தான் நகரும். "வலை எறங்குனாதான் மிதி எறங்கும். கை உள்ள இருந்தா வலை எறங்காது. அவ்ளோதான் பாப்பா, இதுக்கு சாமியும் வேணாம், பூதமும் வேணாம்." நான் விரலை விட்டு விட்டுப் பார்த்தேன். மாட்டவே இல்லை. அந்தத் தீப்பெட்டியைப் பொங்கலுக்கு முன் வீடு மெழுகியபோது யாரோ அடுப்பில் போட்டுவிட்டார்கள். யார் என்று தெரியாது.

இதையே மாமா பெரிய தாளில் வரைந்தார். மனு எழுதினார். அப்பா வீடு வீடாகப் போய்ப் பதினேழு கையெழுத்தும் இரண்டு கைநாட்டும் வாங்கினார். மூன்றாவது வீட்டு ஆபரேட்டர் மிச்சமிருந்த இரண்டு விரலால் பேனா பிடித்துப் போட்டார். மார்கழியில் தொழிற்சாலை ஆய்வாளர் வருவார். அவர் கையில் நேரடியாகக் கொடுப்பது என்று முடிவு. அப்பா சாமியை நம்புகிறவர்தான். ஆனால் அந்த இரண்டு வாரம் அவர் வலையையும் நம்பினார். அவர் முதுகு நிமிர்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

முதலாளி காதுக்கு அது போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பனி விலகுவதற்கு முன், அவரே வரிசைக்கு வந்தார். எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த மோரை முழுவதும் குடித்தார். மனுவைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"முனியப்பன வெளிய தள்ளிட்டு தொழில் பண்றன். தப்பு என்னுது. கேட்டுக்கு உள்ள நல்ல எடமா நீயே பாத்து சொல்லு. கோயில் கட்டித் தரேன்."

அவர் நடித்தார் என்று என்னால் எழுத முடியாது. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. போகும்போது வாசலில் நின்று அம்மாவிடம் மட்டும் ஒன்று சொன்னார். "பக்கத்துப் பட்டறையில இப்பிடித்தான் பேப்பர் எழுதி, ஆறு பேரு வீட்டுக்குப் போய்ட்டாங்க. பாவம். புள்ளைங்க இருக்கற வீடு பாரும்மா."

அம்மா தலையாட்டினாள். இதை அவள் அப்பாவிடம் சொன்னாளா என்பது எனக்குத் தெரியாது. சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

கோயில் பதினெட்டு நாளில் எழுந்தது. சின்னக் கூடம், வெள்ளை ஓடு பதித்த மேடை, ஒரு மணி. கல்லைக் கழுவி எடுத்து வந்தபோது துருவும் ஆயிலும் போக மஞ்சளை அரைத்து அரைத்துப் பூசினார்கள். அப்பா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சாப்பிட்டவுடன் தூங்கினார். அது ஆறுதல் இல்லை என்று குழுவில் எழுதியவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் சண்டை. மனுவைக் கொடுப்பதா, வேண்டாமா? பாதிப் பேர் பின்வாங்கினார்கள். இவ்வளவு செய்தவரை ஆய்வாளரிடம் காட்டிக் கொடுப்பதா என்றார்கள். சாமி உள்ளே வந்தாயிற்று, இனி என்ன ஆகப்போகிறது என்றார்கள். எங்கள் வீட்டில் வரிசைக்காரர்கள் கூடியிருந்தபோது, மாமா களித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கோயில் கட்டுனது கோயிலுக்கு மாமா. வலை வலைக்கு. முனியப்பனுக்கு பிரஸ் ஓட்டத் தெரியுமா?"

"டேய், வாயக் கழுவு."

"சரி, கழுவறன். நாளைக்கு கைய எங்க போயி கழுவறது?"

அப்பா அடிக்கக் கை ஓங்கினார்; அடிக்கவில்லை. கையை இறக்கிக்கொண்டு, "அவன்கிட்டயே கேட்டுடலாம். அவன் என்ன சொல்றானோ அது. நீ ஒத்துக்குவியா?" என்றார். மாமா எல்லோர் முகத்தையும் பார்த்தார். தனியாக நின்று மனுக் கொடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சரி" என்றார்.

பூக் கேட்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் மனுவைக் கொடுக்கலாம். சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும் என்று பேச்சு. கேட்கிறவர்கள் பொட்டலம் கட்டக் கூடாது. பட்டறையில் வேலை செய்யாதவள், கோயிலுக்குப் பூக் கட்டிக் கொடுப்பவள் என்று அம்மாவிடம் விட்டார்கள். குழந்தை நான்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா என்னைக் குளிர்ந்த தண்ணீரிலேயே குளிப்பாட்டினாள். ஈரத் தலையோடு அடுப்பின் பக்கத்தில் நிறுத்தினாள். வாழையிலைத் துண்டு இரண்டும் மடியில் இருந்தன. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டினாள். பிறகு திரும்பி இரண்டையும் காட்டினாள்.

"இங்க பாரு. இதுல நாரு ரெண்டு சுத்து. இதுல மூணு சுத்து. நீ மூணு சுத்து இருக்கறத எடு."

"அதுல என்னா பூம்மா இருக்குது?"

"அது உனக்கு எதுக்கு? எடுன்னா எடு. யாருகிட்டயும் வாயத் தொறக்காத. சாமி கண்ணக் குத்தும்."

கோயில் முன்னால் பதினெட்டுப் பேர் நின்றார்கள். அப்பா கற்பூரம் காட்டிவிட்டுப் பொட்டலங்களைக் குலுக்கி வேலின் அடியில் போட்டார். ஒன்று சரிந்து கொஞ்சம் தள்ளி விழுந்தது. குனிந்தேன். எண்ணுவது எனக்கு அப்போதே பழக்கம். தள்ளி விழுந்ததில் மூன்று சுற்று. எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா நாரை அறுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி.

இதைத்தான் நான் இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒருவர் முகத்திலும் வருத்தம் இல்லை. அடைத்து வைத்திருந்த மூச்சை எல்லோரும் ஒரே நேரத்தில் விட்டார்கள். மூன்றாவது வீட்டு ஆபரேட்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பயப்படுகிறோம் என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா மனுவைச் சுருட்டி வேலில் கட்டினார். "இனி இது அவன் பாடு" என்றார்.

மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "என் மருமவ கையால வந்த பூ. நான் என்னா சொல்றது" என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. வழியில் ஒரு கொய்யாப் பழம் வாங்கிக் கொடுத்தார். உப்பும் மிளகாய்த் தூளும் தடவியது. சாப்பிட்டேன்.

மார்கழியில் ஆய்வாளர் வந்தார். கோயிலில் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தை பிறந்து ஆறாவது நாள் மாமா பிரஸ்ஸில் உட்கார்ந்தார். பன்னிரண்டாவது நாள், பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தபோது, மிஷின்களின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை தண்ணீரிலேயே நின்றுவிட்டது. கேட்டிலிருந்து அப்பா ஓடி வருவது தெரிந்தது. அவர் உடம்பில் அவ்வளவு ரத்தம் இருந்ததால், அவருக்குத்தான் என்று நினைத்து அம்மா கத்தினாள். "எனக்கு இல்லடி" என்று அப்பா சொன்னவுடன் அவள் முகத்தில் ஒரு நொடி நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடி அவளுக்குப் புரிந்துவிட்டது.

வலது கை, மணிக்கட்டோடு. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஒன்பது நாள். திரும்பி வந்தபோது மாமா என்னைப் பார்த்து, "அஞ்சுல அஞ்சு போனா?" என்று கேட்டார்.

வரிசை முழுக்க வந்து உட்கார்ந்து சொன்னது ஒன்றுதான். உயிரைக் கேட்டிருப்பான், கையோடு விட்டான். அப்பாவும் அதையே சொன்னார். தான் தூக்கிப் போட்ட கல்லுக்குத் தன் வீட்டிலிருந்தே ஒரு கை போனதால் கணக்கு நேராகிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். கடைசிவரை அப்படியே நம்பி, நிம்மதியாகச் செத்தார். வலையைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. வேலில் கட்டிய தாள் மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, எழுத்தில்லாத ஒரு சுருளாகப் பங்குனி வரை தொங்கியது. பிறகு காணோம்.

அம்மா என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். துக்கம் கேட்க வந்த ஒரு பெண், ஒரு மனுத்தானே, கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று சொல்லிவிட்டார். அம்மா என்னை இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"நாமளா முடிவு பண்ணம்? சாமி சொல்லுச்சு. இதோ, இவ கையாலதான் எடுத்தா. கேளு இவள."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் கண்ணைப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை. அதற்குள் அவள் நம்பியிருந்தாள். நாரைச் சுற்றிய கை தன்னுடையது என்பதை எப்படியோ தன்னிடமிருந்தே அப்புறப்படுத்தியிருந்தாள். "ஆமா, நான்தான் எடுத்தன்" என்றேன். அதன் பிறகு அவள் சாகும்வரை வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காரணம் யாருக்கும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மாமாவுக்கு முதலாளி கோயில் பூசாரி வேலை கொடுத்தார். இடது கையால் மணி அடிக்கவும் தீபம் காட்டவும் பழகினார். சாமியும் வேணாம், பூதமும் வேணாம் என்று சொன்ன அதே மாமா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டறை கை மாறியது, பெயர் மாறியது, பெரிதானது. கோயிலும் அவரும் மாறவில்லை.

அம்மா போன வருடம் இறந்தாள். முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், ஒரு சாயங்காலம், மாமாவிடம் உண்மையைச் சொல்வது என்று போனேன். சொல்ல வேண்டியவற்றை வரிசையாக ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். பார்க்க வேண்டியிருக்கவில்லை. இலை, நார், சுற்று, அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கைத் துடைத்தபடியே கேட்டார்.

"அக்காவா சொல்லுச்சு?"

"ஆமா மாமா."

கம்பெனி பஸ் ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. அதன் பீப் சத்தம் அடங்கியதும் துணியைக் கீழே வைத்தார்.

"சரி. உனுக்கு உங்கம்மா சொல்லுச்சு. உங்கம்மாவுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல மாமா. பயம்."

"அந்தப் பயத்த யாரு குடுத்தது?"

எனக்குப் பதில் தெரியும். எங்கள் வீட்டில் மோர் குடித்தவர் கொடுத்தது. ஆனால் மாமா கல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அவன் கேட்டான், நான் குடுத்தன். இத்தினி வருசமா இப்பிடிச் சொல்லித்தான் பாப்பா காலையில எந்திரிக்கறன். இப்ப நீ வந்து, அக்கா பயந்துச்சு, அதனால போச்சுங்கற. அப்ப நான் எதுக்குக் குடுத்தன்? சொல்லு."

வேண்டுமானால் உங்களில் யாராவது சொல்லிப் பாருங்கள்.

ஷிப்ட் மாறும் நேரம். காண்ட்ராக்டில் வந்த வடக்கத்திப் பையன்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையாக வந்தார்கள். செருப்பைக் கழற்றி, மாமா முன்னால் நெற்றியைக் காட்டினார்கள். அவர் இடது கட்டைவிரலால் ஒவ்வொருவருக்கும் விபூதி இட்டார். ஒருவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்ட, அவற்றிலும் இட்டார்.

"உள்ள பிரஸ்ஸுக்கு இப்ப வலை இருக்குதா மாமா?" என்று கேட்டேன்.

"அது வந்து எவ்ளோ வருசமாச்சு. கவர்மென்டு ரூலு. ஆனா மேல தூக்கிக் கட்டிட்டு, அது எறங்காமயே மிதி எறங்கற மாதிரி கம்பி போட்டிருக்காங்க. எறக்கி ஓட்டுனா ஷிப்டுக்கு சொன்ன எண்ணிக்க வராதாம்."

"நீங்க பாத்துட்டு சும்மா இருக்கீங்களா?"

"நான் என்னா சும்மாவா இருக்கறன்? தெனம் பூச பண்றன்ல."

கிளம்பினேன். கேட் வரை கூட வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாப்பா, அந்தப் பூ விசயத்த இங்க எவன்கிட்டயும் சொல்லிடாத. பசங்க பயந்துக்குவாங்க. அப்புறம் ஒருத்தனும் மிஷின்ல கை வெக்க மாட்டான்."

இருபத்து மூன்று பையன்கள் நெற்றியில் விபூதியோடு உள்ளே போனார்கள். கேட்டில் நின்று எண்ணினேன். ஒருவனையும் நிறுத்தவில்லை.